போக்கிமான் உலகில் பனி உயிர்கள் எங்கிருந்து வந்தன?

"போக்கிமான் உலகத்தில் பனி வகை உயிர்கள் எப்படித் தோன்றின? மற்ற வகைகளிலிருந்து அவை எப்படி வேறுபடுகின்றன?" என்று கேட்டிருக்கிறீர்கள். போக்கிமான் என்பது கற்பனை உயிர்களைப் பிடித்து, வளர்த்து, சண்டையிட வைக்கும் வீடியோ விளையாட்டுத் தொடர்; அதில் ஒவ்வோர் உயிருக்கும் நெருப்பு, நீர், பனி என ஒன்றோ இரண்டோ வகை உண்டு. பனிதான் எனக்கு மிகவும் பிடித்த வகை. அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

பனி வகைக்கு ஒரே பூர்வீகம் கிடையாது. குளிரிலேயே பிறந்தவை சில. வேறெங்கோ பிறந்து, பிழைக்க வழி தேடிக் குளிருக்குள் வந்து சேர்ந்தவை சில. ஒவ்வோர் உயிரைப் பற்றியும் விளையாட்டுக்குள் இருக்கும் போக்கிடெக்ஸ் என்னும் கையேடு தரும் இரண்டு வரிக் குறிப்புகளைத் தொடர்ந்து படித்துப் பாருங்கள்; வந்து சேர்ந்தவற்றின் கதைகள்தான் மனத்தில் நிற்கும். பனி வகையின் பலமும் பலவீனமும் அந்தக் கதைகளோடு அழகாகப் பொருந்துகின்றன என்பது என் எண்ணம்.

1996இல் ஜப்பானில் வெளியான முதல் விளையாட்டுகளில் 151 போக்கிமான்கள் இருந்தன. அவற்றில் பனி வகை வெறும் ஐந்து: டியூகாங், க்ளாய்ஸ்டர், ஜிங்ஸ், லாப்ராஸ், ஆர்டிகுனோ. இந்த ஐந்தில் ஒன்றுகூட முழுப் பனி கிடையாது. மூன்று நீரோடும், ஒன்று மனோசக்தியோடும், ஒன்று பறக்கும் வகையோடும் கலந்தவை. பனியை மட்டுமே வகையாகக் கொண்ட உயிர்கள் 2002இல் ரூபி, சஃபையர் விளையாட்டுகளில்தான் வந்தன: ஸ்னோரண்ட், க்ளேலி, ரெஜிஐஸ். ஆறு ஆண்டுகள் பனி என்பது இன்னோர் உயிரின் மீது படிந்த குணமாகவே இருந்திருக்கிறது.

குளிரிலேயே பிறந்தவற்றை முதலில் பார்ப்போம். வனிலைட், விடியற்காலைச் சூரியனின் ஆற்றலில் நனைந்த பனிக்கூர்களிலிருந்து உருவானது என்கிறது குறிப்பு. கிரையோகோனல் பனிமேகத்துக்குள் பிறக்கிறது. உடல் வெப்பம் ஏறினால் ஆவியாகி மறைந்துவிடும். குளிர்ந்தால் மீண்டும் பனிக்கட்டியாகிவிடும். இதற்கு உடல் என்பதே ஒரு வெப்பநிலைதான். ரெஜிஐஸ் பனியுகத்தில் உருவாக்கப்பட்டது. நெருப்பாலும் அதன் உடலை உருக்க முடியாது என்று எழுதியிருக்கிறார்கள். ஆனால் சண்டையில் நெருப்புத் தாக்குதல் அதன் மீது இருமடங்காகவே விழும். இந்த முரணை ஓரளவுக்குச் சரிக்கட்டுவது அதன் சிறப்புத் தற்காப்பு, அதாவது உடலால் மோதாத தாக்குதல்களைத் தாங்கும் வலிமை. அடிப்படை மதிப்பே 200 என்பதால், நெருப்பு மூச்சு ஒன்றிரண்டை வாங்கிக்கொண்டும் நிற்கும்.

ஃப்ராஸ்லாஸ் தனி ரகம். பனிமலையில் வழி தவறிய ஒரு பெண் மறுபிறவி எடுத்து ஃப்ராஸ்லாஸ் ஆனாள் என்று பனி பொழியும் ஊர்களில் கதை சொல்வதாகக் குறிப்பு கூறுகிறது. ஜப்பானிய நாட்டார் கதைகளில் வரும் யூகி ஒன்னா என்னும் பனிப்பெண்ணின் சாயல் இது. வெண்ணிற உடையில் வந்து, மூச்சுக் காற்றாலேயே ஆளை உறைய வைப்பவள் அவள். பெண் ஸ்னோரண்டிடம் விடியல் கல்லைக் கொடுத்தால் மட்டுமே ஃப்ராஸ்லாஸாக மாறும். பனியோடு பேய் வகையும் சேர்ந்தது. உடல்போலத் தெரிகிற பகுதி உண்மையில் உள்ளே வெறுமையானது. குளிருக்குப் பலியான ஒருத்தியே குளிராக மாறிவிட்டாள் என்னும் இந்தக் கற்பனைக்கு நிகரான ஒன்றை மற்ற வகைகளில் நான் கண்டதில்லை.

மாமோஸ்வைன் பழைய குடி. பனியுகம் முடிந்து பூமி வெப்பமானபோது அதன் எண்ணிக்கை குறைந்துபோனது. பத்தாயிரம் ஆண்டுப் பனியிலிருந்து தோண்டி எடுக்கப்பட்ட ஒன்று, எல்லாரும் வியக்கும்படி எழுந்து நின்றதாக ஒரு குறிப்பு உண்டு. பிலோஸ்வைன் 'பழம்பெரும் சக்தி' என்ற தாக்குதலைக் கற்றுக்கொண்டால்தான் மாமோஸ்வைன் ஆக முடியும். அழிந்துபோன காலத்தின் ஆற்றலை மீட்டெடுத்த பிறகே அந்த உருவம் கிடைக்கிறது. விளையாட்டின் விதியே கதையையும் சொல்லிவிடுகிறது.

இனி, குளிரைத் தேடி வந்தவை. 2016இல் வந்த சன், மூன் விளையாட்டுகளில் அலோலா தீவுகளின் சாண்ட்ஷ்ரூ பனி வகையாக இருக்கிறது. அது பாலைவனத்து விலங்கு. அருகிலிருந்த எரிமலைகள் அடிக்கடி வெடித்ததால் பாலைவனத்தை விட்டுப் பனிமலைக்கு ஏறியது. அங்கே அதன் ஓடு எஃகுபோல இறுகிவிட்டது. பாலைவனச் சாண்ட்ஷ்ரூ ஆபத்து வந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். அலோலா சாண்ட்ஷ்ரூவின் ஓடு அவ்வளவு கடினமாகிவிட்டதால் அதற்குச் சுருளவே வராது. கவசம் வந்தது, கூடவே பிறந்த பழக்கம் போனது. குறிப்பு எழுதியவர் இதை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறார்.

இதையும் விஞ்சியது காலார் பகுதியின் டரூமாக்கா. மற்ற ஊர்களில் டரூமாக்கா நெருப்பு வகை. வயிற்றில் தீப்பை ஒன்று இருக்கும். காலாரில் நெடுங்காலம் பனியில் வாழ்ந்து, அந்தத் தீப்பை ஆறிச் சுருங்கிப்போனது. அதற்குப் பதிலாகக் குளிரை உண்டாக்கும் உறுப்பு வளர்ந்தது. அது வளர்ந்து டார்மானிட்டன் ஆகிறது. அரிய திறன் ஒன்றைக் கொண்ட டார்மானிட்டன், சண்டையில் உயிர்ப்புள்ளிகள் (மிச்சமிருக்கும் உயிர்பலம்) பாதிக்குக் கீழே இறங்கும்போது உருமாறுகிறது. கோபத்தில் அந்தச் செத்த தீப்பை மறுபடி பற்றிக்கொள்கிறது. அப்போது அது ஒரே நேரத்தில் பனியும் நெருப்புமாக நிற்கிறது. தன் உடல் உருகத் தொடங்கினாலும் சினம் தணியும்வரை தீயைக் கக்குவதை நிறுத்தாது. தலைமுறை தலைமுறையாக மறந்த நெருப்பு உடலுக்குள் எங்கோ பத்திரமாக இருந்திருக்கிறது! பனி வகையில் எதை முதலில் படிக்கலாம் என்று யார் கேட்டாலும் நான் காட்டுவது இந்தக் குறிப்பைத்தான்.

க்ரபாமினபிள் பற்றியும் ஒரு வார்த்தை. உச்சியை அடையும் வெறியோடு ஏறிய நண்டு, வழி தவறிப் பனிமலையில் போய்ச் சேர்ந்தது. குளிரைத் தாங்க உடலெங்கும் ரோமம் முளைத்தது. நண்டுக்கு ரோமம்!

இப்போது குணங்களுக்கு வருவோம். தாக்குவதில் பனி வகைக்கு இணை குறைவு. புல், நிலம், பறக்கும் வகை, டிராகன் ஆகிய நான்கின் மீதும் அதன் அடி இருமடங்காக விழும். பறக்கும் வகையும் டிராகனும் சேர்ந்த டிராகனைட் போன்றவற்றுக்கு நான்கு மடங்கு. தற்காப்பிலோ நிலைமை பரிதாபம். நெருப்பு, சண்டை, பாறை, எஃகு ஆகிய நான்கிடமிருந்தும் இருமடங்கு அடி வாங்கும். அது எதிர்த்துத் தாங்கும் வகை ஒன்றே ஒன்று, இன்னொரு பனி. பலரும் இதை வடிவமைப்பின் குறை என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தீப்பையையே விட்டுக்கொடுத்த உடல், சுருளும் பழக்கத்தை விட்டுக்கொடுத்த உடல், குளிரைத் தவிர வேறெதையும் தாங்காமல் போவதுதானே இயல்பு? ஒரே சூழலுக்குத் தன்னை முழுவதும் ஒப்புக்கொடுத்த உயிர், அந்தச் சூழலுக்கு வெளியே நொறுங்கத்தான் செய்யும்.

அதனால் பனி உயிர்கள் தங்கள் ஊரைத் தங்களோடு எடுத்து வருகின்றன. அபோமாஸ்னோ என்னும் பனி உயிர் களத்தில் இறங்கியதுமே வானிலை மாறும். முன்பு அது ஆலங்கட்டி மழையைக் கொண்டுவந்தது. பனி வகை அல்லாத உயிர்கள் ஒவ்வொரு சுற்றிலும் பதினாறில் ஒரு பங்கு உயிர்ப்புள்ளியை இழந்தன. ஆனால் பனி உயிர்களின் மெலிந்த தற்காப்புக்கு அதனால் பயன் இல்லை. 2022இல் ஸ்கார்லெட், வயலெட் விளையாட்டுகளில் அதை எடுத்துவிட்டுப் பனிப்பொழிவைக் கொண்டுவந்தார்கள். பனி பொழியும்வரை பனி வகையின் தற்காப்பு ஒன்றரை மடங்காகும். தாமதமாக வந்தாலும் நியாயமான மாற்றம். உடல்வழித் தாக்குதல்களுக்கு எதிராக மட்டுமே இது உதவும் என்பதை மறக்க வேண்டாம்.

இந்த வகையைப் புதிதாக வளர்க்க நினைத்தால் ஸ்கார்லெட், வயலெட்டில் வரும் செட்டைட்டனைப் பாருங்கள். நாலரை மீட்டர் உயரம், 700 கிலோ எடை, முழுப் பனி வகை. மிகப் பழங்காலத்தில் கடலை விட்டு நிலத்துக்கு வந்த இனம் என்கிறது குறிப்பு. இதுவும் குடிபெயர்ந்த கூட்டம்தான். அடிப்படை உயிர்ப்புள்ளி 170. 'தடித்த கொழுப்பு' என்னும் திறன் உள்ள ஒன்றாகப் பார்த்துப் பிடியுங்கள். நெருப்பின் அடியை அது பாதியாக்கிவிடும் என்பதால், பனி வகையைப் பிடித்தாட்டும் இருமடங்குச் சேதம் சாதாரண அளவுக்கு இறங்கிவிடும். முதலில் அபோமாஸ்னோவை இறக்கிப் பனியைப் பொழியவிட்டு, அடுத்துச் செட்டைட்டனைக் கொண்டுவாருங்கள். சண்டை, பாறை, எஃகு வகைகளில் ஏதாவது ஒன்று எதிரில் நின்றால் மட்டும் அதைக் களத்தில் விட்டுவைக்காதீர்கள்.