150 பேர் வருவார்கள், கையில் இருப்பது ஒரே ஒரு 8 அங்குல டாப்சோனியன் (அடிப்பலகை மேல் வைத்துக் கையால் தள்ளித் திருப்பும் தொலைநோக்கி). பொதுமக்களுக்கு வானம் காட்டும் இரவை எப்படி நடத்துவது?

வானத்தைப் பார்க்கும் முன் வரிசைக் கணக்கைப் பாருங்கள். ஒருவர் குனிந்து, கண்ணைச் சரியான இடத்தில் வைத்து, "ஆமா, தெரியுது" என்று சொல்ல 40 வினாடி முதல் ஒரு நிமிடம் வரை ஆகும். மணிக்கு 60 பேர் என்று வைத்தால் 150 பேருக்கு இரண்டரை மணி நேரம். அதுவும் ஒரே பொருளைக் காட்டினால்தான். பாதியில் நிலாவை விட்டு வியாழனுக்குத் திருப்பினால், பார்த்து முடித்தவர்கள் எல்லாரும் மறுபடி வரிசையின் வாலில் போய் நிற்பார்கள். அதனால் ஒரு தொலைநோக்கிக்கு ஒரு பொருள் என்று முடிவு செய்துவிடுங்கள். குளிர்காலம் என்றால், 10x50 பைனாகுலர் ஒன்றை முக்காலியில் பொருத்திக் கார்த்திகை விண்மீன் கூட்டத்தின் பக்கம் திருப்பி வையுங்கள். அது தொலைநோக்கியில் பார்ப்பதைவிடப் பைனாகுலரில்தான் அழகு. வரிசையும் இரண்டாகப் பிரியும்.

கிழமை பார்ப்பதற்கு முன் திதி பாருங்கள். பலரும் பௌர்ணமியைத் தேர்ந்தெடுத்துக் கெடுத்துக்கொள்கிறார்கள். அன்று சூரிய ஒளி நம் முதுகுப் பக்கமிருந்து நேராக விழுவதால் நிலாவில் நிழலே இருக்காது, வெறும் வெள்ளைத் தட்டுதான். வளர்பிறைச் சஷ்டி முதல் நவமி வரை நல்ல நாட்கள். ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டை ஒட்டியுள்ள பள்ளங்கள் ஆழமாகத் தெரியும். அரைநிலா நள்ளிரவை ஒட்டித்தான் மறையும் என்பதால் நேரமும் போதும்.

தமிழ்நாட்டில் இதில் ஒரு சிக்கல் உண்டு. மாசி, பங்குனி மாதங்களில் அரைநிலா மாலை ஆறு மணிக்குக் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல் நிற்கும். டாப்சோனியனை நேர் மேலே நிமிர்த்திவிட்டால் பக்கவாட்டில் தள்ளவே வராது; அடிப்பலகையைச் சுற்றினாலும் குழாய் நேர் மேலேயேதான் பார்த்துக்கொண்டிருக்கும். ஏழரைக்குத் தொடங்குங்கள், அதற்குள் நிலா மேற்கே சாய்ந்திருக்கும்.

8 அங்குலக் கருவியின் குவியத் தூரம் வழக்கமாக 1200 மி.மீ. 25 மி.மீ. ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் வில்லை) போட்டால் 1200 ÷ 25, அதாவது 48 மடங்கு பெரிதாகத் தெரியும். பார்வைப் பரப்பு ஒரு பாகைக்குச் சற்று மேல். அரைப் பாகை அகலமுள்ள நிலா அதில் தாராளமாக அடங்கும். நிலாவைக் கிழக்கு விளிம்பில் கொண்டுவந்து விட்டால், தானாக நகர்ந்து மறு விளிம்பை அடைய இரண்டு நிமிடம் ஆகும். ஆகவே இரண்டு மூன்று பேருக்கு ஒருமுறை தள்ளினால் போதும். 10 மி.மீ. போட்டு 120 மடங்கில் கோளைக் காட்டினால், நடுவிலிருந்து விளிம்புக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. ஒவ்வொருவருக்கும் தள்ள வேண்டும். கருவியின் பக்கத்தில் நிற்பவருக்கு அது மட்டுமே வேலை. விளக்கம் சொல்பவர் வரிசையில் நிற்கட்டும்.

அவர் சொல்ல வேண்டியது முக்கியம்: எதிர்பார்ப்பைக் குறைப்பது. வேட்டைக்காரன் (ஓரியன்) நெபுலா என்ற வாயு மேகம் சாம்பல் நிறப் புகைபோலத்தான் தெரியும், படங்களில் வரும் சிவப்பு வராது. ஆந்திரமேடா என்ற அண்டை விண்மீன் மண்டலம் ஊர் வெளிச்சத்தில் ஏமாற்றும், காட்டாதீர்கள். மாலை வானில் சனி இருக்கும் மாதங்களில் அது நம்பகமானது. 2025 மார்ச்சில் வளையம் விளிம்புப் பக்கம் திரும்பிக் கோடாகிவிட்டது. அதன்பின் ஆண்டுக்காண்டு விரிந்துகொண்டு வருகிறது.

குழந்தைகள் ஐபீஸைப் பிடித்துத் தொங்குவார்கள், காட்சி ஓடிப்போகும். முதுகுள்ள பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் திருப்பி நிறுத்தி, அதன் முதுகைப் பிடிக்கச் சொல்லுங்கள். ஏறி நிற்க ஓரடி உயர மணை வேண்டும். கிட்டப்பார்வை, தூரப்பார்வைக்குக் கண்ணாடி போட்டவர்கள் கழற்றிவிட்டுக் குவியக் குமிழைத் தாங்களே திருப்பிக்கொள்ளலாம். சிதறல் பார்வை (அஸ்டிக்மாடிசம்) உள்ளவர்கள் கழற்ற வேண்டாம்.

கருவியை ஒரு மணி நேரம் முன்பே வெளியே வையுங்கள். குழாயின் அடியிலுள்ள ஆடி (கண்ணாடி) சூடாக இருந்தால் கோள் கொதிக்கும் நீருக்கடியில் கிடப்பதுபோல் ஆடும். மொட்டை மாடி வேண்டாம், கான்கிரீட் பகல் சூட்டை இரவு வெகுநேரம் வரை விட்டுக்கொண்டிருக்கும். மண் தரை, புல் தரை நல்லது. தேடுகுழாயை (பொருளைத் தேடிப் பிடிக்க உதவும் சிறு தொலைநோக்கி) சூரியன் மறைந்த உடனே, வெளிச்சம் இருக்கும்போதே, தொலைவிலுள்ள செல்போன் கோபுரத்தின் உச்சியைப் பார்த்துப் பொருத்திவிடுங்கள். சூரியன் மறையும் வரை தொலைநோக்கி, தேடுகுழாய் இரண்டின் மூடிகளும் கழலக் கூடாது. இதில் மட்டும் எந்தச் சலுகையும் கிடையாது.

கொசு விரட்டிக் களிம்பு பூசிய கையால் யாரும் ஐபீஸைத் தொட வேண்டாம். அதிலுள்ள டீட் (DEET) என்ற வேதிப்பொருள் பிளாஸ்டிக்கை இளக்கும், வில்லையின் பூச்சையும் கெடுக்கும். பனி படிந்தால் துணியால் துடைக்காதீர்கள். முடி உலர்த்தியை மெல்லிய சூட்டில் காட்டினால் போதும். செல்போனில் படம் எடுக்க எல்லாரும் கேட்பார்கள், ஒருவருக்கு மூன்று நிமிடம் போய்விடும். வரிசை முடிந்த பிறகு என்று தொடக்கத்திலேயே அறிவித்துவிடுங்கள்.

முடிந்ததும் பனி ஈரத்தோடு மூடி போட்டுக் கட்டி வைக்காதீர்கள், ஆடியில் பூஞ்சை வரும். அறைக்குள் கொண்டுபோய், குழாயைப் படுக்கவைத்து, ஈரம் முழுதும் உலர்ந்த பிறகு மூடுங்கள்.