பதில்: ஜெர்ரி ரைஸின் சாதனை வெறும் வருஷக்கணக்கா?

அமெரிக்கக் கால்பந்தில், சக வீரர் எறியும் பந்தை (பாஸ்) பிடிக்கும் ரிசீவராக ஆடிய ஜெர்ரி ரைஸைப் பற்றி, "20 சீசன் ஆடினால் யாருக்கும் அத்தனை கெஜம் வரும்" என்று உங்கள் ரூம்மேட் அடித்துச் சொல்கிறார், என்ன பதில் சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். கணக்கைப் போட்டே வாயை அடைத்துவிடலாம். ரைஸ் பாஸ் பிடித்து எடுத்த மொத்தத் தூரம் 22,895 கெஜம். இரண்டாவது இடத்தில் இருக்கும் லாரி ஃபிட்ஸ்ஜெரால்டு 17 சீசனில் 17,492. அதே சராசரியில் அவரை இன்னும் மூன்று சீசன் ஆடவிட்டாலும் இரண்டாயிரத்துச் சொச்சம் குறையும்.

அதைவிட 1987-ஐ எடுத்துப் போடுங்கள். வீரர்கள் வேலைநிறுத்தம் நடந்த வருஷம், ரைஸ் ஆடியதே 12 ஆட்டம், அதில் பாஸ் பிடித்து 22 டச்டவுன் (பந்தை எதிரணியின் கடைசி எல்லைக்குள் கொண்டுபோய் எடுக்கும் ஸ்கோர்), அந்த சீசனில் அடுத்த ஆளுக்கு வெறும் 11. ராண்டி மாஸ் 2007-இல் 23 எடுத்து அதை முந்தினார், ஆனால் 16 ஆட்டத்தில்.

ரைஸுக்கு வேகம் கம்மி என்பதை மறுக்க வேண்டாம், கல்லூரி வீரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் 1985 டிராஃப்டிலேயே அந்தப் பேச்சு இருந்தது. அப்பா மிசிசிப்பியில் கொத்தனார்; கோடை விடுமுறையில் சாரத்தின் மேல் நின்றுகொண்டு, கீழேயிருந்து அண்ணன் தம்பிகள் வீசும் செங்கலைப் பிடித்துப் பிடித்துப் பழகிய கை அது. அப்புறம் கலிபோர்னியாவின் சான் கார்லோஸ் மேட்டில் நாலு கிலோமீட்டர் ஏற்ற ஓட்டம், சீசன் இல்லாத மாதங்களில். கூட ஓட வந்த இளவட்டங்கள் பாதியில் வாந்தி எடுத்ததாகச் சொல்வார்கள்.

வருஷக்கணக்குதான் என்று இன்னும் பிடிவாதம் பிடித்தால், 2002-இல் நாற்பது வயதில் ரெய்டர்ஸ் அணிக்காக 1,211 கெஜம் எடுத்ததைக் காட்டுங்கள். அந்த வயதில் ஆடுகிற இன்னொரு ரிசீவரை உங்கள் ரூம்மேட்டே தேடிப் பிடிக்கட்டும்.