புதுக் கணினிக்கு முன் கேமரா மெனுவைப் பாருங்கள்

கேள்வி: கும்பகோணத்தில் கல்யாண வீடியோ எடுக்கிறேன். புதிய சோனி கேமராவின் 4கே காட்சிகளை அடோபி பிரீமியரில் எடிட் செய்தால் என் பழைய கணினி திணறுகிறது. பெரிய கிராபிக்ஸ் கார்டு போட்ட கணினியும் எல்லா எடிட்டிங் மென்பொருளும் சேர்த்து ஒன்றரை லட்சத்துக்குத் தருவதாக அசெம்பிள் செய்பவர் சொல்கிறார். வாங்கலாமா, ஆப்பிளின் மேக்குக்குப் போகலாமா? டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளுக்கு மாறலாமா?

பதில்: முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். கேமரா மெனுவில் 4:2:2 10 பிட் (நிற விவரத்தைக் கூடுதலாகப் பதியும் முறை) என்று இருக்கிறதா, பாருங்கள். உங்கள் சிக்கல் பெரும்பாலும் அங்கேதான். அந்தக் கோப்பு மிக இறுக்கமாகச் சுருக்கப்பட்டது. அதை விரிக்கத் தனி மின்சுற்று இல்லாத கணினி, விலை அதிகமானாலும் பெரும்பாலும் திணறும். 4:2:0 8 பிட்டுக்கு மாற்றி ஒரு நிமிடம் எடுத்துப் பாருங்கள். நிறத்தை அதிகம் திருத்தாத மண்டப வேலைக்கு அதுவே போதும். 10 பிட்தான் வேண்டுமென்றால், இரவில் புராக்ஸி (எடிட்டுக்கு மட்டும் பயன்படும் சிறிய நகல் கோப்பு) உருவாகவிட்டுக் காலையில் அதை வைத்து எடிட் செய்யுங்கள். செலவே இல்லை.

அப்படியும் புதிது வேண்டுமென்றால் ஓர் எழுத்தைக் கவனியுங்கள். எச்.265 கோப்புகளுக்கான (சோனி மெனுவில் XAVC HS) அந்தத் தனி மின்சுற்று இன்டெல்லில் 11-ஆம் தலைமுறை முதல், சிப்பின் உள்கிராபிக்ஸில் இருக்கிறது. சிப்பின் பெயர் 13400 என்றால் உண்டு. 13400எஃப் என்றால் உள்கிராபிக்ஸே கிடையாது. எஃப் சற்று மலிவு என்பதால் அதைப் போட்டு, மிச்சத்தைக் கிராபிக்ஸ் கார்டில் காட்டிவிடுகிறார்கள். என்விடியாவின் 50 வரிசைக்கு முந்தைய ஆர்டிஎக்ஸ் கார்டுகள் 4:2:2-ஐ விரிக்காது. 50 வரிசை விரிக்கும். அந்தக் கார்டு இருந்தால் மட்டும் எஃப் சிப்பால் இந்த விஷயத்தில் நட்டமில்லை. பெயர் ஒன்றுபோலத்தான் இருக்கும் என்பதால் பில்லில் மாடல் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். இவ்வளவு முக்கியமான செய்தியை அட்டைப் பெட்டியில் பெரிய எழுத்தில் அச்சிட இந்த நிறுவனங்களுக்கு என்ன தடையோ, எனக்கு விளங்கவில்லை.

ஆப்பிளின் எம் வரிசைச் சிப் உள்ள மேக்கில் இந்தத் தலைவலி இல்லை. 2024 இறுதியில் வந்த எம்4 மேக் மினி, 16 ஜிபி நினைவகத்துடன் 59,900 ரூபாய்க்கு அறிமுகமானது. 4:2:2-ஐத் தானே விரிக்கும். திரையும் வெளி எஸ்எஸ்டியும் தனிச் செலவு. நினைவகத்தைப் பின்னால் கூட்ட முடியாது. எடியஸ் என்ற எடிட்டிங் மென்பொருளில் கை பழகியவர்கள் மட்டும் மேக் பக்கம் போக வேண்டாம்; அது விண்டோஸில்தான் ஓடும்.

பிரீமியர் கைக்குப் பழகியிருக்கிறது என்றால் அதிலேயே இருங்கள். முகூர்த்த மாதத்தில் கணினியையும் மென்பொருளையும் ஒரே நேரத்தில் மாற்றினால் டெலிவரி தவறும். சந்தா கட்ட முடியாவிட்டால் டாவின்சியின் இலவசப் பதிப்பைச் சீசன் முடிந்ததும் பழகுங்கள். விண்டோஸில் 10 பிட் 4:2:2 கோப்புகளுக்கு அதன் கட்டணப் பதிப்பு தேவைப்படும். அது ஒருமுறை வாங்கினால் போதும்.

அவர் சேர்த்துத் தருவதாகச் சொல்லும் "எல்லா மென்பொருளும்" உரிமப் பூட்டை உடைத்த திருட்டுப் பிரதிகளாகத்தான் இருக்கும். சந்தாவில் மட்டுமே கிடைக்கும் பிரீமியரை எவரும் உங்களுக்கு இலவசமாகப் "போட்டுத்தர" முடியாது. அந்தப் பிரதிகளோடு வரும் வைரஸ் ஹார்ட் டிஸ்க்கைப் பூட்டிவிட்டால், தாலி கட்டிய காட்சியை யாரிடம் போய் மறுபடி எடுப்பீர்கள்? வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

கடைக்குப் போகும்போது உங்கள் கேமராவில் எடுத்த பத்து நிமிடக் காட்சியைப் பென் டிரைவில் கொண்டுபோங்கள். அவர் கணினியின் உள் டிஸ்க்குக்கு மாற்றி, நீங்கள் பயன்படுத்தும் மென்பொருளிலேயே ஓட்டிப் பாருங்கள். ஓட்டிக் காட்ட மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.