பல நாட்டவர்கள் சேர்ந்து பழகும் குழுவில் தை சி கற்க முடியுமா? ஆசிரியரின் மொழி தெரியாவிட்டால் சிரமமா?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மெதுவான அசைவுகள் கொண்ட சீனச் சண்டைக் கலையான தை சி கற்க ஆசை. கிடைத்திருக்கும் குழுவில் ஏழெட்டு நாட்டவர்கள் இருக்கிறார்கள். ஆசிரியர் சீனர், அவருக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான் வரும், பாதிக்கு மேல் சைகைதான். இதில் சேர்வதா, இல்லை வீடியோ பார்த்துத் தனியாகப் பழகுவதா?

சேருங்கள். தயங்கவே வேண்டாம். ஏறக்குறைய இதே மாதிரியான ஒரு குழுவில் இது எனக்கு ஏழாவது ஆண்டு. மொழி தெரியாதது நான் பயந்த அளவுக்குத் தடையாக இருக்கவில்லை. சில விஷயங்களை அதனால்தான் சரியாகக் கற்றேன் என்றுகூட நினைக்கிறேன்.

முதல் வாரம் நடந்தது இது. தொடக்க நிலையில் நின்றுகொண்டிருந்தேன். பாதங்களுக்கு நடுவே தோள் அகலம், முழங்கால் லேசாக மடங்கியிருக்கிறது, கைகள் பக்கத்தில். சரியாகத்தான் நிற்கிறேன் என்று நினைப்பு. ஆசிரியர் பின்னால் வந்து, முதுகெலும்பு முடியும் இடத்தில் ஓர் உள்ளங்கையை வைத்தார். இன்னொரு கையின் ஒரு விரலால் உச்சந்தலையைத் தொட்டார். கீழே இருந்த கை கீழ்நோக்கியும் மேலே இருந்த விரல் மேல்நோக்கியும் துளித்துளியாக நகர, நடுவில் என் முதுகு தானாக நீண்டது. அதுவரை இடுப்பைப் பின்னால் தள்ளிக்கொண்டு நின்றிருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. தலையை உச்சியில் நூல் கட்டித் தொங்கவிட்டது போல வைக்க வேண்டும் என்பதை நான் முன்பே படித்திருந்தேன். படித்ததை வைத்துக் கழுத்தை விறைப்பாக்கிக்கொள்ள மட்டுமே முடிந்திருந்தது. வீடியோவால் இந்த ஒரு நிமிடத்தைத் தர முடியாது.

மொழி இல்லாமலும் இல்லை. இப்படிப்பட்ட குழுக்களுக்குச் சீனச் சொற்களே பொதுமொழி ஆகிவிடுகின்றன. எண்ணிக்கை ‘யீ, அர், ஸான், ஸ்ஸ’ என்றுதான் போகும். ‘யுன் ஷௌ’ என்றால் பிரேசிலிலிருந்து வந்தவரும் போலந்துக்காரரும் நானும் ஒரே சமயத்தில் இடுப்பைத் திருப்புவோம். அது மேகக் கைகள் என்னும் அசைவு. வெண்கொக்கு சிறகு விரிப்பது, காட்டுக் குதிரையின் பிடரியை வகிர்வது, ஊசியைக் கடலடியில் இறக்குவது என்று ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு படம் இருக்கிறது. பெயரைப் பிடித்துக்கொண்டால் உடம்பு பாதி வழி வந்துவிடும். இருபது முப்பது சொற்கள் போதும், இரண்டு மாதத்தில் வந்துவிடும்.

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், பலர் குழம்புகிறார்கள். தை சியில் இருக்கும் ‘சி’ வேறு, மூச்சு, உயிராற்றல் என்ற பொருளில் சொல்லும் ‘சி’ வேறு. சீனத்தில் இரண்டுக்கும் எழுத்தே வேறு. முழுப்பெயர் தைஜிசுவான். தைஜி என்பது யின், யாங் என்ற எதிரெதிர் இயல்புகள் இரண்டும் பிறக்கும் மூலநிலை, சுவான் என்றால் மடக்கிய கைமுட்டி. அதாவது இது ஒரு சண்டைக் கலையின் பெயர். மெதுவாகச் செய்வதால் அது மறந்துபோகிறது.

ஒரு சொல்லைப் பற்றி மட்டும் விரிவாகப் பேச வேண்டும். ‘ஸோங்’. எங்கள் ஆசிரியர் ஒரு வகுப்பில் இதை ஐம்பது முறையாவது சொல்வார். தோளைத் தொட்டு ஸோங், முழங்கையைத் தொட்டு ஸோங், இடுப்பைக் காட்டி ஸோங். ஆங்கிலத்தில் ‘ரிலாக்ஸ்’ என்று சொல்லிவிடுகிறார்கள். அதைக் கேட்ட புதியவர்கள் தொய்ந்துபோய் நிற்பார்கள், ஆசிரியர் தலையசைத்து மறுப்பார். ஒருநாள் வகுப்பு முடிந்து தரையில் வட்டமாக உட்கார்ந்திருந்தபோது, அவரவர் மொழியில் இதற்கு என்ன சொல் என்று தேட ஆரம்பித்தோம். ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை. எனக்கு முதலில் வந்தது ‘தளர்ச்சி’. ஆனால் தமிழில் தளர்ச்சி என்றால் அதில் சோர்வு கலந்திருக்கிறது. ‘ஓய்வு’ என்றால் வேலையே நின்றுவிடுகிறது. அப்புறம் முடிச்சு நினைவுக்கு வந்தது. கயிற்றில் விழுந்த முடிச்சைத் தளர்த்தினால் கயிறு பலவீனமாவதில்லை, முழு நீளத்துக்கும் திரும்ப வந்துவிடுகிறது. ஸோங் அதுதான். அந்தச் சீன எழுத்தின் பழைய வடிவத்தில் மேல்பாதி தலைமுடியைக் குறிப்பது என்று சீனம் படித்த ஒரு மாணவி எழுதிக் காட்டினார். இறுக்கிக் கட்டிய கூந்தலை அவிழ்த்து விடுவதை நினைத்துக்கொண்டால் போதும், தோள் இறங்கிவிடும். அன்றைக்குப் பிறகு என் தோள் உண்மையாகவே இறங்கியது. ஒரே மொழிக்காரர்கள் மட்டும் இருந்திருந்தால் அகராதியில் இருந்த சொல்லோடு நாங்கள் திருப்தியடைந்திருப்போம்.

சரி, பல நாட்டுக் குழுவில் வரும் உண்மையான சிக்கலுக்கு வருகிறேன். அது மொழி இல்லை, ஆளுக்கொரு மாதிரி கற்றுக்கொண்டு வருவது. தை சியில் ஐந்து குடும்பப் பாணிகளைப் பொதுவாகச் சொல்வார்கள்: சென், யாங், வூ என்ற பெயரில் இரண்டு, சுன். ஹெனான் மாகாணத்தின் சென்ஜியாகோ கிராமத்தில் சென் குடும்பம் பழகிவந்த கலையை, வெளியாளான யாங் லூசான் 19ஆம் நூற்றாண்டில் சென் சாங்சிங்கிடம் கற்று, பிறகு பெய்ஜிங்கில் கற்றுக்கொடுத்தார். அவருடைய பேரன் யாங் செங்ஃபூ சீராக்கிய பெரிய, நிதானமான அசைவுகளைத்தான் இன்று உலகத்தில் பெரும்பாலோர் செய்கிறார்கள். சென் பாணியில் மெதுவான ஓட்டத்துக்கு நடுவே திடீரென்று வெடிப்பும் காலால் தரையை உதைப்பதும் வரும். இரண்டு வூ பாணிகளில் ஒன்றான வூ ஜியான்சுவான் வழியில் உடம்பு முன்னால் சாயும். சுன் பாணியில் ஒரு கால் நகர்ந்தால் மற்றது பின்தொடர்ந்து வந்து சேரும். 1964இல் நியூயார்க்குக்குப் போய்க் கற்றுக்கொடுத்த செங் மான்சிங், யாங் வரிசையை 37 நிலைகளாகச் சுருக்கினார். அவர் வழியில் வந்தவர்கள் மணிக்கட்டை நேராக, மென்மையாக வைப்பார்கள். யாங் செங்ஃபூ வழியில் மணிக்கட்டை லேசாக அமர்த்தி, விரல்களை மேலே நிமிர்த்துவார்கள்.

இந்த மணிக்கட்டு விஷயத்துக்காக எங்கள் பயிற்சி முகாமில் இரண்டு பேர் நாள் முழுக்க விவாதம் செய்தார்கள். இருவரும் பத்து ஆண்டுகளுக்கு மேல் பழகியவர்கள், இருவருக்கும் நல்ல ஆசிரியர்கள். நான் நடுவில் உட்கார்ந்து குழம்பினேன். மறுநாள் காலையில் இருவரும் அடுத்தடுத்து நின்று செய்வதைப் பின்னாலிருந்து பார்த்தேன். மணிக்கட்டு வேறு, பாத அளவு வேறு, வேகம் வேறு. ஆனால் இருவருக்கும் அசைவு பாதத்தில் தொடங்கி, இடுப்பு வழியாகத்தான் கைக்கு வந்தது. எடை ஒரு காலிலிருந்து முழுதாக வடிந்த பிறகுதான் அந்தக் கால் தரையை விட்டது. இருவருடைய தோளும் எழும்பவில்லை. எது பாணி, எது அடிப்படை என்று எனக்கு அன்று பிரிந்து தெரிந்தது. ஒரே ஆசிரியரின் ஒரே பள்ளியில் எல்லாரும் ஒன்றுபோலச் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தால் அது தெரிய இன்னும் பல ஆண்டுகள் ஆகியிருக்கும்.

அதனால் என் ஆலோசனை: முதல் ஓராண்டு ஓர் ஆசிரியர், ஒரே ஃபார்ம், அதாவது அசைவுகளின் ஒரே தொடர். மற்றவர்களை நன்றாகப் பாருங்கள், ஆனால் கலக்காதீர்கள். பெரும்பாலும் 24 நிலைகள் கொண்ட ஃபார்மில் தொடங்குவார்கள். 1956இல் சீன அரசின் விளையாட்டு ஆணையம் யாங் பாணியிலிருந்து தொகுத்தது. செய்து முடிக்க ஐந்தாறு நிமிடம்தான் ஆகும். எந்த நாட்டுக்குப் போனாலும் இதைத் தெரிந்த ஒருவர் இருப்பார் என்பது இதன் பெரிய வசதி. முன்பின் தெரியாத ஒருவர் பக்கத்தில் நின்று, ஒரு பேச்சும் இல்லாமல் இருவரும் ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக முடித்திருக்கிறோம்.

குழுவில் சேர்வதற்கு எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் துய் ஷௌ. ஆங்கிலத்தில் ‘புஷ் ஹேண்ட்ஸ்’ என்பார்கள். இருவர் எதிரெதிரே நின்று, மணிக்கட்டும் முன்கையும் தொட்டபடி வட்டமாக நகர்த்துவார்கள். பங், லூ, ஜி, ஆன் என்று நான்கு அசைவுகள்: தாங்கி நிற்பது, வழிவிட்டு இழுப்பது, நெருக்கி அழுத்துவது, தள்ளுவது. பெயரில் தள்ளுதல் இருந்தாலும் இது பலப்போட்டி இல்லை. எதிரில் இருப்பவரின் எடை எங்கே இருக்கிறது, எந்த மூட்டு இறுகியிருக்கிறது என்று தோல் வழியாகக் கேட்கிற பயிற்சி. ‘கேட்பது’ என்பதுதான் சீனத்திலும் இதற்கான சொல்.

இங்கே பல நாட்டுக் குழுவின் அருமை தெரியும். உயரமானவர், குள்ளமானவர், எழுபது வயதுக்காரர், முன்பு ஜூடோ பழகியவர், நடனம் படித்தவர் என்று உடம்புகள் பலவிதம். என்னைவிட ஒன்றரை மடங்கு எடையுள்ள ஒருவர் முதல் தடவை கை வைத்ததும் நான் முழுபலத்தோடு எதிர்த்தேன். அவர் கையை எடுத்ததும் முன்னால் விழப்போனேன். அவர் சிரிக்கவில்லை. என் முன்கையை மெல்லத் திருப்பி, அழுத்தம் எங்கே போக வேண்டும் என்று இடுப்பைத் தொட்டுக் காட்டினார். அவருக்கும் எனக்கும் பொதுவாக ஒரு வாக்கியம் பேசும் மொழி இல்லை. ஆனாலும் எனக்கு மிகப் பொறுமையாகக் கற்றுக்கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். வயதான ஒரு ஜப்பானியப் பெண்மணி இருக்கிறார். அவர் கையைத் தொட்டால் எதையும் தொட்டதாகவே தோன்றாது, ஆனால் எங்கே நகர்ந்தாலும் கூடவே வரும். அதை எழுத்தில் விளக்க என்னால் ஆகாது, நீங்களே ஒருநாள் தொட்டுப் பார்க்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. இரண்டாம் ஆண்டில் எனக்கு இடது முழங்காலில் வலி வந்தது. மற்றவர்கள் தாழ்வாக அமர்ந்து செய்வதைப் பார்த்து நானும் தாழ்ந்தேன். அதோடு, எடை முழுவதும் ஏறியிருந்த காலிலேயே பாதத்தைத் திருப்பினேன். எடை ஏறிய பாதம் சரியாகத் திரும்பாது. பாதம் திரும்பாமல் உடம்பு திரும்பினால் அந்த முறுக்கை முழங்கால்தான் வாங்கும். ஆறு வாரம் உயரமாக நின்று, எடையைப் பின்காலுக்கு வடித்துவிட்டு அப்புறம் பாதத்தைத் திருப்பப் பழகிய பிறகுதான் சரியானது. முழங்கால் எப்போதும் கால்விரல்கள் காட்டும் திசையிலேயே மடங்க வேண்டும். வலித்தால் உடனே நிறுத்திவிட்டு ஆசிரியரிடம் முழங்காலைத் தொட்டுக் காட்டுங்கள். அதற்கு மொழி வேண்டாம். வலி போகவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள்.

உடல்நலம் பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். சமநிலைக்கு உதவும் என்பதற்கு நல்ல ஆய்வுகள் உண்டு. 2012இல் வெளிவந்த ஒன்றில் பார்க்கின்சன் நோயுள்ள 195 பேர் கலந்துகொண்டார்கள். வாரம் இரண்டு முறையாக 24 வாரம் தை சி செய்தவர்களுக்கு உடல் நிலைத்தன்மை மற்ற இரண்டு பயிற்சிக் குழுக்களைவிட மேம்பட்டிருந்தது. எல்லா நோயையும் தீர்க்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

முகாம் முடிந்து எல்லாரும் அவரவர் நாட்டுக்குப் போனபின் வீடியோ அழைப்பில் சேர்ந்து பழகுகிறோம். ஒருவருக்கு விடியற்காலை, இன்னொருவருக்கு நள்ளிரவு. ஒலி ஒவ்வொருவருக்கும் ஒரு நொடி முன்பின்னாகப் போவதால் இசை போடுவதையும் எண்ணுவதையும் விட்டுவிட்டோம். தொடக்க அசைவை மட்டும் சேர்ந்து செய்வோம், பிறகு அவரவர் மூச்சின் வேகம். ஆசிரியர் கேமராவுக்கு முதுகைக் காட்டி நிற்பார். முகம் காட்டி நின்றால் இடம் வலம் மாறிப்போகும். இது நேரில் பழகியதைத் தொடர்வதற்குத்தான் உதவும், புதிதாகக் கற்க இல்லை. தனியாகப் பழகுவதும் கண்டிப்பாக வேண்டும். தினம் பதினைந்து நிமிடம் போதும். ஐந்து நிமிடம் அசையாமல் நிற்பது, ஐந்து நிமிடம் எடையை மாற்றி மாற்றி மெதுவாக நடப்பது, அப்புறம் ஃபார்ம் ஒரு முறை.

முதல் நாள் போகும்போது எங்கே நிற்பது என்று தெரியாமல் பின்வரிசைக்குப் போகத் தோன்றும். போகாதீர்கள். ஃபார்மில் திசை மாறிக்கொண்டே இருக்கும், திரும்பிய நொடியில் பின்வரிசை முன்வரிசை ஆகிவிடும், பார்த்துச் செய்ய எதிரில் யாரும் இருக்கமாட்டார்கள். நடுவில் நில்லுங்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் உங்களுக்கு முன்னால் ஃபார்ம் தெரிந்த ஒருவர் இருப்பார்.