தேர்வுக் கட்டணம் கட்டாத மாணவி

கேள்வி: கலைக் கல்லூரியில் முதலாண்டு வகுப்புக்குப் பொறுப்பாசிரியராக இருக்கிறேன். வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்திருக்கும் ஒரு மாணவிக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. ஆனாலும் தேர்வுக் கட்டணத்தைக் கடைசி நாள் வரை கட்டவில்லை. கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறார். அலட்சியமா?
(உதவிப் பேராசிரியர், திருவண்ணாமலை)

பதில்: அப்படி முடிவுகட்டுவதற்கு முன், பணம் அவர் கைக்கு வருகிறதா என்று பாருங்கள். வங்கியில் ஆதார் நகல் கொடுத்தாலே இணைந்துவிட்டது என்று பல வீடுகளில் நம்புகிறார்கள். அது அடையாளச் சான்று மட்டுமே. உதவித்தொகை வந்து சேர, வங்கிகளுக்கிடையே பணப் பரிமாற்றத்தை நடத்தும் தேசிய அமைப்பான என்பிசிஐயின் பதிவில் அந்த வங்கியோடு ஆதார் இணைய வேண்டும். அதற்குத் தனியாக ஒப்புதல் படிவம் கொடுக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு வங்கிதான் பதிவில் இருக்கும். கல்லூரியில் சேர்ந்தபின் வேறு வங்கியில் கணக்கு தொடங்கி அதை இணைத்திருந்தால், பணம் அங்கே போய்க்கொண்டிருக்கும். பிள்ளை பழைய பாஸ்புக்கைப் பார்த்து 'வரவில்லை' என்பார். ஆதார் இணையதளத்தில் எந்த வங்கி இணைந்திருக்கிறது என்று பார்க்கலாம். ஆனால் ஓடிபி அப்பாவின் செல்போனுக்குப் போகும், அவர் வேலைக்குப் போயிருப்பார். முந்தின நாளே சொல்லிவையுங்கள்.

பணம் வந்தாலும் பஸ், ரெக்கார்டு நோட்டு, வீட்டு அரிசி என்று கரைந்துவிடும். தேர்வுக் கட்டணமோ ஒரே தவணையில், ஒரே தேதிக்குள் கேட்கப்படுகிறது. இதுதான் பெரிய இடறல். அவகாசம் கேட்டு ஒரு கடிதம் எழுதலாம் என்பதை அவருக்குச் சொல்லித்தர வீட்டில் ஆள் இல்லை. இன்டர்னல், அரியர், போனஃபைடு எல்லாமே அவருக்குப் புதுச் சொற்கள். 'பிரச்சினை இருந்தால் வாங்க' என்று பொதுவாகச் சொன்னால் வரமாட்டார். எவ்வளவு, எந்தத் தேதி, எந்தக் கவுன்டர், என்ன காகிதம் என்று இரண்டு வாரம் முன்பே பலகையில் எழுதுங்கள். கட்டாதவர்கள் பெயரை வகுப்பில் வாசிக்கவே வாசிக்காதீர்கள். தனியே கூப்பிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: மகன் பொறியியல் சேரப்போகிறான். முதல் பட்டதாரி சான்றுக்கு எப்போது விண்ணப்பிப்பது?
(ஒரு தாய், அரியலூர்)

பதில்: பிளஸ் 2 தேர்வு முடிந்த கையோடு இ-சேவை மையத்துக்குப் போங்கள், கட்டணம் 60 ரூபாய். தாத்தா பாட்டி, பெற்றோர், உடன்பிறந்தோர் யாரும் பட்டதாரியாக இருக்கக் கூடாது. கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் பார்த்த பிறகே சான்று வரும். ரேஷன் அட்டையிலும் மாற்றுச் சான்றிதழிலும் பெயரோ இனிஷியலோ வேறாக இருந்தால் விண்ணப்பம் திரும்பிவிடலாம். முதலில் அதைச் சரிசெய்யுங்கள். அரசுக் கலந்தாய்வில் கிடைக்கும் இடத்துக்கு மட்டும்தான் இந்தச் சான்றால் கல்விக் கட்டணச் சலுகை, நிர்வாக ஒதுக்கீட்டுக்கு இல்லை. முன்பணம் கொடுப்பதற்கு முன்பே இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.