ஸ்கூட்டர் பரிசு என்றார்கள், 27,000 ரூபாய் கேட்கிறார்கள்: கட்டலாமா?

கேள்வி: களியக்காவிளை பக்கம் குடியிருக்கிறோம். ஓணத்துக்கு எல்லை தாண்டிப் போய் ஒரு கடையில் 18,500 ரூபாய்க்கு வாஷிங் மெஷின் எடுத்து, கூப்பனும் எழுதிப் போட்டோம். போன வாரம் அந்தக் கடை பேரைச் சொல்லி ஒருவர் கூப்பிட்டார். இரண்டாம் பரிசு, 90,000 ரூபாய் ஸ்கூட்டர் என்றார். ரெஜிஸ்ட்ரேஷனுக்கு 4,500, ஜிஎஸ்டிக்கு 8,300 என்று ஜிபேயில் போட்டேன். இப்போது டிடிஎஸ் என்ற வரி 27,000 கட்டினால்தான் சாவி என்கிறார். ஊரில் ஒருவர், "3,000 தாங்க, நான் பேசி எடுத்துத் தாறேன்" என்கிறார். போலீசுக்குப் போனால் அந்தப் பக்கம் இந்தப் பக்கத்தைக் கையைக் காட்டுகிறார்கள், இந்தப் பக்கம் அந்தப் பக்கத்தை. என்ன செய்ய?

பதில்: கட்டாதீர்கள். ஊர்க்காரருக்கு அந்த 3,000-மும் வேண்டாம். இதை அப்படியே வைத்துவிட்டு முதலில் 1930-க்கு போன் போடுங்கள். போன பணம் எந்தக் கணக்கில் நிற்கிறதோ அதை முடக்கச் சொல்லும் எண் அது. ஜிபேயில் நீங்கள் அனுப்பிய தொகையைத் தொட்டால் அந்தப் பணப் பரிமாற்றத்தின் அடையாளமான 12 இலக்க யுடிஆர் எண் தெரியும். இரண்டு தடவை அனுப்பியதற்கும் அதை எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். ஒரு வாரம் ஆகிவிட்டதால் பணம் கைமாறிப் போயிருக்கவும் கூடும். ஆனாலும் புகார் எண் வாங்கிவிடுங்கள்.

பரிசு விழுந்ததாக அந்த ஆள் வாட்ஸ்அப்பில் உங்களுக்குப் போட்ட கடிதத்தை எனக்கு அனுப்பியிருந்தீர்கள், பார்த்தேன். மேலே அரசு முத்திரை, கீழே ஊதா நிறத்தில் வட்ட சீல், நடுவில் உங்கள் பெயர் கூப்பனில் நீங்கள் எழுதிய அதே எழுத்துப் பிழையோடு. அந்தப் பிழைதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. உங்கள் கூப்பனைக் கண்ணால் பார்த்த ஒருவரிடமிருந்துதான் இது கிளம்பியிருக்கிறது. கல்லாவுக்குப் பக்கத்தில் பூட்டில்லாத அட்டைப்பெட்டி, அதற்குள் நூற்றுக்கணக்கான பெயரும் போன் நம்பரும். யார் வேண்டுமானாலும் போட்டோ எடுக்கலாம். கடைக்காரரே செய்திருக்கலாம், கடையில் நிற்கும் ஒரு பையன் அந்த நம்பர்களை விற்றிருக்கலாம். அதனால் 1930-க்குப் பேசிய பிறகு, பில்லையும் கூப்பனின் அடித்துண்டையும் எடுத்துக்கொண்டு கடைக்கே நேரில் போங்கள். போனில் கேட்காதீர்கள்.

இனி அந்த 27,000. இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், படித்தவர்களே ஏமாறுகிற இடம் இதுதான். பரிசுப் பணத்துக்கு வரி உண்டு என்பது உண்மை. 10,000 ரூபாய்க்கு மேல் போனால் 30 சதவீதம். பரிசு பணமாக இருந்தால் கொடுப்பவரே பிடித்துக்கொண்டு மீதியைத் தர வேண்டும். ஒரு லட்சம் விழுந்தால் 70,000 கைக்கு வரும். நீங்கள் முன்னால் ஒரு பைசாவும் கட்ட வேண்டியதில்லை. பொருளாக இருந்தால் அதில் 30 சதவீதத்தைப் பிடிக்க வழியில்லை. அதனால், வரி கட்டியாயிற்று என்று உறுதி செய்த பிறகே பொருளைக் கொடுக்க வேண்டும் என்று வருமான வரிச் சட்டம் கொடுப்பவருக்குச் சொல்கிறது. நல்ல கடைகள் அதைத் தாங்களே கட்டிவிடும். சில கடைகள் ஜெயித்தவரைக் கட்டச் சொல்லும், அது சட்டத்துக்கு விரோதம் இல்லை. 90,000-க்கு 30 சதவீதம் 27,000. அந்த ஆள் கணக்கைச் சரியாகத்தான் போட்டிருக்கிறான்!

ஆனால் அந்தப் பணம் எங்கே போகிறது என்று பாருங்கள். வரி என்றால் அரசுக்கு, உங்கள் பான் எண்ணில் போக வேண்டும். ஒரு தனியாளின் ஜிபே நம்பருக்குப் போவது வரியே கிடையாது. பரிசு உண்மை என்று கடைக்காரர் நேரில் சொன்னால், "வரியை வருமான வரி இணையதளத்தில் என் பான் எண்ணில் நானே முன்வரியாகக் கட்டி சலான் கொண்டுவருகிறேன்" என்று சொல்லுங்கள். உண்மையாகப் பரிசு கொடுப்பவர் சரி என்பார், மற்றவர் போனை வைத்துவிடுவார். ஜிஎஸ்டி என்று வாங்கிய 8,300 சுத்தப் பொய். வண்டியை விலைக்கு வாங்கும்போதே அது விலையோடு சேர்ந்து போய்விடும்.

சட்டம் உங்கள் பக்கம் பலமாகவே இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 2(47): கொடுக்கும் எண்ணமே இல்லாமல் பரிசு அறிவிப்பது, வேறு வழியில் காசு வாங்கிக்கொண்டு இலவசம் என்று நம்ப வைப்பது, திட்டம் முடிந்தபின் யாருக்கு என்ன விழுந்தது என்பதை மறைப்பது, எல்லாமே நேர்மையற்ற வணிகம். அதனால் கடைக்காரர் "நாங்க கூப்பிடல" என்று சொன்னாலும் அதோடு திரும்பி வராதீர்கள். குலுக்கல் எப்போது நடந்தது, இரண்டாம் பரிசு யாருக்கு என்று எழுத்தில் கேளுங்கள். கூப்பன் போட்ட உங்களிடம் அதை மறைக்க அவருக்கு உரிமை இல்லை.

கடை கேரளத்தில் இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே புகார் செய்யலாம் என்று இந்தச் சட்டம் மாற்றிவிட்டது. நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுங்கள், இரண்டு ஆண்டுக்குள் கொடுத்தால் போதும். ஐந்து லட்சம் வரை விலை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. நான் வக்கீலாக இருந்துகொண்டே இதைச் சொல்கிறேன். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்து மூன்று மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது. வாய்தா மேல் வாய்தா போட்டு வருஷக்கணக்கில் இழுப்பதைத்தான் நான் பார்க்கிறேன். 12,800 ரூபாய்க்கு அத்தனை தடவை பஸ் ஏறி வர யாருக்கு முடியும்? அந்த அலுப்பை நம்பித்தான் இவர்கள் சிறிய சிறிய தொகையாகக் கேட்கிறார்கள். நீங்கள் அலுத்துப் போகாதீர்கள்.

போலீஸ் விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா பிரிவு 173, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவல் கொடுக்கலாம் என்கிறது. எல்லைக் கல்லைக் காட்டித் திருப்பி அனுப்புவதற்கு இனி இடமே இல்லை. பிரிவு எண்ணை மனுவிலேயே எழுதிக் கொடுங்கள். வாங்க மறுத்தால் எஸ்.பி.க்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள்.

கடைசியாக அந்த 3,000 ரூபாய்க்காரர். நம் எல்லைப் பக்கத்தில் இவர்களுக்குக் குறைவே இல்லை. தமிழ்நாட்டு ஆதார் என்றால் கேரள லாட்டரிப் பரிசு கிடைக்காது என்று பயமுறுத்தி, விழுந்த சீட்டைப் பாதி விலைக்குப் பிடுங்குவதும் இவர்கள்தான். சீட்டு அசலாக இருந்தால் வெளிமாநிலத்தாரும் கேரள அரசிடமே நேராக வாங்கலாம். இன்னொரு கூட்டம் நீங்கள் புகார் கொடுத்த பிறகு வரும். "சைபர் கிரைமிலிருந்து பேசுறோம், உங்க பணம் கிடைச்சாச்சு, இந்த கியூஆரை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க" என்பார்கள். பணம் வாங்குவதற்கு பின் எண் போட வேண்டியதே இல்லை, போட்டால் உங்கள் கணக்கிலிருந்துதான் பணம் போகும்.

அந்த வாட்ஸ்அப் பேச்சை அழித்துவிடாதீர்கள், அவனை பிளாக் செய்வதற்கு முன் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வீட்டில் இன்னொருவர் போனுக்கும் அனுப்பி வையுங்கள். கடைக்குப் போகும்போது பில்லின் ஜெராக்ஸைக் கொண்டு போங்கள், அசல் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.