கீரை மட்டும் பசியாற்றுமா? வீட்டுத் தோட்டக் கேள்வி-பதில்

கேள்வி: மாடியில் கீரை, தக்காளி, வெண்டை எல்லாம் நன்றாக வருகின்றன. நெருக்கடி வந்தால் இவற்றை வைத்துச் சமாளிக்கலாமா?

தொட்டுக்கொள்ள ஆகும், வயிறு நிறையாது. 100 கிராம் கீரையில் ஏறக்குறைய 25 கலோரிதான். தக்காளியில் அதைவிடக் குறைவு. உருளைக்கிழங்கில் 75-80, சர்க்கரைவள்ளியில் 86, மரவள்ளியில் 160 வரை கிடைக்கும். ஒருவருக்கு நாளுக்குச் சுமார் 2,000 கலோரி தேவை என்று வைத்தால், கீரையாகவே 8 கிலோ தின்ன வேண்டும். ஆடுகூட யோசிக்கும்! கீரையை விட்டுவிடாதீர்கள், சத்துக்கு அது வேண்டும். ஆனால் பாதி இடத்தையாவது கிழங்குக்குக் கொடுங்கள்.

கேள்வி: 100 சதுர மீட்டர் நிலம் இருக்கிறது. நாங்கள் 4 பேர். தன்னிறைவு அடைய முடியுமா?

முடியாது. சதுர மீட்டருக்கு 2 கிலோ சர்க்கரைவள்ளி எடுத்தால் மொத்தம் 200 கிலோ, அதாவது 1,72,000 கலோரி. நான்கு பேருக்கு நாளுக்கு 8,000 கலோரி என்றால் மூன்று வாரத்தில் தீர்ந்துவிடும். பாதிச் சாப்பாடு வெளியிலிருந்து வந்தால் ஆறு வாரம் தாங்கும். கடை மூடிக் கிடக்கும் காலத்தில் ஆறு வாரம் சின்ன விஷயமல்ல. முழுத் தன்னிறைவு என்று ஆசை காட்டுபவர்களிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: அப்படியானால் விளைச்சல் அதிகம் தரும் ஒரே கிழங்கை மட்டும் போடலாமே?

வேண்டவே வேண்டாம். அயர்லாந்தில் ஏழைகள் உருளைக்கிழங்கை, அதிலும் பெரும்பாலும் 'லம்பர்' என்ற ஒரே ரகத்தை நம்பியிருந்தார்கள். 1845-ல் கருகல் நோய் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் பஞ்சத்திலும் அதை ஒட்டிய நோய்களிலும் சுமார் 10 லட்சம் பேர் மடிந்தார்கள். தானியம் ஏற்றுமதியாகிக்கொண்டிருந்த நாட்டில்தான் இது நடந்தது என்பதால் பழி முழுவதும் நோய்க்கிருமியின் மேல் விழாது, அது வேறு கதை. நீங்கள் இரண்டு கிழங்கு, ஒரு பயறு, கொஞ்சம் மக்காச்சோளம் என்று கலந்து போடுங்கள். புரதத்துக்குக் காராமணி போதும். மண்ணுக்கும் தழைச்சத்து (நைட்ரஜன்) சேரும்.

கேள்வி: சர்க்கரைவள்ளிக் கொடி காடாக ஓடுகிறது. தோண்டினால் விரல் தடிமனில் வேர்தான்!

எருவை அள்ளிக் கொட்டியிருப்பீர்கள். தழைச்சத்து மிஞ்சினால் இலைதான் பெருகும். நிழலும் காரணமாகலாம். அடுத்த முறை பொலபொலப்பான மேட்டுப் பாத்தி, நல்ல வெயில், அளவான மட்கிய எரு. நட்டு நாலு மாதமாவது பொறுங்கள். அதுவரை கொழுந்தைக் கீரையாகச் சமைக்கலாம்.

கேள்வி: மக்காச்சோளக் கதிரில் பாதி மணிதான் பிடிக்கிறது. ஏன்?

ஒற்றை வரிசையாக நட்டீர்களா? மகரந்தத்தைச் சுமப்பது காற்று, ஒற்றை வரிசையில் அது கதிர் மேல் விழாமல் வெளியே பறந்துவிடும். நீள வரிசையாக இல்லாமல் நாலு வரிசை, வரிசைக்கு நாலு செடி என்று சதுரமாக நடுங்கள்.

கேள்வி: விதையை நானே எடுத்து வைக்கலாமா?

காராமணியில் தொடங்குங்கள், தன் மகரந்தத்திலேயே காய்ப்பதால் பெரும்பாலும் ரகம் மாறாது. வீரிய ஒட்டு ரகத்தில் எடுத்தால் அடுத்த தலைமுறை தாய்ச்செடி போல வராது. பல்லால் கடித்தால் பள்ளம் விழாமல் 'டக்'கென்று உடையும்வரை காயவைத்து, காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள்.

கேள்வி: உருளைக்கிழங்கு பச்சை பிடித்துவிட்டது. சாப்பிடலாமா?

கூடாது. வெளிச்சம் பட்டதால் வந்த பச்சை அது. கூடவே சோலனின் நஞ்சும் ஏறியிருக்கும், வேகவைத்தாலும் போகாது. இருட்டில், காற்றோட்டமாக வையுங்கள். மரவள்ளியையும் தோலோடோ பச்சையாகவோ தின்னாதீர்கள். அதில் சயனைடு வரும்.